ஆடியும் அரிப்பும்

ஜூலை 5, சனி

அரிசி மண்டிக்காரர் பொங்கலுக்குக் குடுத்த டைரி இது. இத்தனை நாளும் வெந்தய டப்பாவுக்கு மூடியா இருந்துச்சு. இன்னிக்குத் துடைச்சு எடுத்து உக்காந்துட்டேன். யார்கிட்டயும் சொல்ல முடியாத ஒண்ணு வந்துட்டா மனுஷி வேற என்னதான் பண்ணுவா?

மொதல்ல சொல்லக்கூடியதை எழுதறேன். கோயமுத்தூருக்கே சளி புடிச்ச மாதிரி மழை தூறிட்டுக் கெடக்குது. துணி காய மாட்டேங்குது. மாவு பொங்க மாட்டேங்குது. காலைல என்ற மாவுக்கடைக்கு ஒரு அம்மா மாவுப் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டாந்து, "ஏனுங்க கோகிலா, உங்க மாவுல இட்லி ஊத்துனா கல்லாட்ட இருக்குது"ங்கறாங்க. "இந்தக் குளிர்ல நீங்களே போர்வைய விட்டு வெளிய வர மாட்டீங்க, மாவு மட்டும் எந்திரிக்கணுமா? துணி சுத்தி வையுங்க"ன்னேன். சிரிச்சுட்டே போயிட்டாங்க.

இனி சொல்ல முடியாதது. அரிக்குது. எங்கன்னு எழுதக் கை கூசுது. டைரிக்கு என்ன, வாயா இருக்குது? கீழ. அங்கதான்.

போன மாசம் கடைவாய்ப்பல்லப் புடுங்கி, சீழ் வெச்சு, கை நெறைய மாத்திரை தின்னேன். அது ஒழிஞ்சுதுன்னு நிமுந்தா இது.

எனக்கு வயசு முப்பத்தொம்பது. வைகாசிலதான் மருதமலைல வெச்சுக் கல்யாணம் ஆச்சு. வூட்டுக்காரர் பேரு திருமூர்த்தி. சொந்த லாரி. பொள்ளாச்சில தேங்கா ஏத்திட்டு பம்பாய் வரைக்கும் போவார். நல்ல மனுஷன். அவ்வளவுதான், அதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல. திங்கக்கெழமை வர்றாராம். சொல்றதுக்கு நாலு தடவை போன் பண்ணிட்டார். நாலு தடவையும் எடுத்தேன். கை சும்மாத்தான இருந்துச்சு.

ஜூலை 7, திங்கள்

மாவு பாக்கெட் போடற சுந்தராக்காகிட்ட மட்டும் லேசா சொன்னேன். "சூடு கண்ணு, வேறொண்ணுமில்ல"ன்னாங்க. அவங்களுக்கு எல்லாமே சூடுதான். ரோட்டுல ரெண்டு பஸ் மோதிக்கிட்டாலும் டிரைவருக்கு ஒடம்புல சூடும்பாங்க. வெந்தயம் முழுங்கச் சொன்னாங்க, எளநி குடிக்கச் சொன்னாங்க. "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கறதுதான். நானெல்லாம் எத்தனை வருசமா..."ன்னு ஆரம்பிச்சவங்க, பேச்ச மாத்தி எடைபோடப் போயிட்டாங்க.

பொழுதோட அவர் வந்துட்டார். நாசிக்ல வாங்குன திராட்சை ஒரு பெட்டி. ராத்திரி பக்கத்துல வந்து என்ற கையப் புடிச்சார். இருக்கற எரிச்சல்ல யாருக்கு ஆசை வரும்? வெடுக்குனு உருவிட்டேன். ஏன்னு கேட்டார். "உங்க மேல டீசல் வாசம் அடிக்குது, தலைய வலிக்குது"ன்னேன். வாய்க்கு வந்ததச் சொன்னேன், அவ்வளவுதான். பாயத் தூக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்துட்டார்.

ஜூலை 9, புதன்

அவர் நேத்தே பம்பாய் லோடுக்குக் கெளம்பிட்டார். இன்னிக்கு மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னாடி அஞ்சு ஆம்பளைங்க. அத்தனை பேரும் போகட்டும்னு பக்கத்துல தொங்கற குழந்தைங்க சீப்பையெல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நின்னேன். அவங்க போனா இன்னும் ரெண்டு பேரு வந்துட்டாங்க. கடைக்காரத் தம்பி, "என்னங்க்கா வேணும்?"னு சத்தமாக் கேக்குது.

"அரிப்புக்கு ஏதாச்சும் குடுங்க."

"எங்கீங்க அரிப்பு?"

எல்லாத் தலையும் திரும்புச்சு. "கால்ல"ன்னேன்.

"கால்ல எந்தப் பக்கம்? படையா?"

"ஆமா, படைதான். பெரிய படை."

ஒரு ட்யூப் குடுத்துச்சு. காலுக்குன்னு வாங்குனத எங்க போட்டேன்னு எழுத வேண்டியதில்ல.

ஜூலை 10, வியாழன்

ஐயோ. மொளகாயரைச்ச கையோட தொட்டாப்ல எரியுது. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல.

ஜூலை 12, சனி

ரோசனை பண்ணிப் பாத்தேன். மாவு கெட்டுப்போனா நாம என்ன பண்ணுவோம்? பாத்திரத்தத் தேய் தேய்னு தேய்ச்சு, கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவுவோம். கடைக்குன்னு வாங்குன கிருமி மருந்து பாட்டில் ஒண்ணு வூட்டுக்குப் பின்னாடி பொடக்காளில கெடந்துச்சு. சுடுதண்ணில கலந்து காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுதெறங்கி ஒருக்கான்னு கழுவறேன். உள்ளயும் விட்டேன். கிரைண்டர் கழுவற கைக்கு இது ஒரு பெரிய காரியமா?

சுத்தமாத்தான் இருக்கறேன். ஆனா அரிப்பு மட்டும் எச்சாத்தான் ஆயிருக்குது. கெட்டித் தயிராட்ட வெள்ளை வேற படுது. நாத்தம் ஒண்ணுமில்ல. பாவாடைய ஒளிச்சு ஒளிச்சு அலசிப் போடறேன், அதுவும் காய மாட்டேங்குது. ஈரத்தோடவே எடுத்துக் கட்டிட்டுக் கடைல நிக்கறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்னிக்கு சுந்தராக்கா வாய மூடிட்டு இருந்திருக்கலாம். மொளகாப்பொடி பொட்டலம் கட்டிட்டே, "கண்ணு, தப்பா நெனைக்காத. எங்க வீதில ஒரு லாரிக்காரன் பொண்டாட்டிக்கு இப்படித்தான் ஆச்சு. அவன் வழியில எங்கியோ போயிட்டு வந்து சீக்க அவளுக்குக் குடுத்துட்டான்"னாங்க.

"போங்க்கா, அவரு அப்படியில்ல"ன்னேன்.

"எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தான் சொல்லுவா."

கைல இருந்த கரண்டியக் கீழ போட்டுட்டேன். முப்பத்தொம்பது வருசம் ஒத்தையா இருந்தது போதாதுன்னு, கட்டிக்கிட்டதும் இதுக்குத்தானா? அழுகைதான் வந்துச்சு. மாவுல உப்புப் போட்டமான்னு கூட நெனவில்ல. நாளைக்கு மாவு வாங்குனவங்க சொல்லுவாங்க.

ஜூலை 14, திங்கள்

உப்பு ரெண்டு தடவை போட்டிருக்கறேன். தெருவே சொல்லிருச்சு.

ஜூலை 15, செவ்வாய்

வந்துட்டார். பைய எடுத்து உதறுனா சந்தன சோப்பு நாலு விழுகுது. ஒரு செண்டு பாட்டில். முகப் பவுடர். தேங்கா லோடு ஓட்டறவருக்கு எதுக்கு செண்டு? தேங்கா மோந்து பாக்குதா?

வந்ததும் குளிச்சார். சாப்பிட்டுட்டுத் திரும்பவும் குளிச்சார். மல்லிகப்பூ வாசமா வந்து கதவோரமா நின்னு, "ஏனுங் அம்மிணி, இப்பப் பரவால்லீங்களா?"ன்னார். என்ன பரவால்ல? எவளுக்குப் பூசுனதோ தெரியல, என்கிட்ட வந்து கேக்கறார். வெளக்க அணைச்சுட்டேன்.

மீசைலயும் ஏதோ எண்ணெய் தடவிருந்தார். நல்லாத்தான் இருந்துச்சு. இருந்து என்ன?

ஜூலை 17, வியாழன். ஆடி ஒண்ணு

ஆடி நோம்பி. இன்னிக்கு ஒரு வேலை பண்ணேன்.

புதுசாக் கல்யாணம் ஆனவங்க ஆடில ஒட்டுக்கா இருக்கக்கூடாதுங்கறது நம்ம பக்கத்து வழக்கந்தான? பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்பிருவாங்க. எனக்கு அம்மாவுமில்ல அப்பனுமில்ல, வூடும் கடையும் இதேதான். அதனால, "ஆடி பொறந்துருச்சுங்க. வழக்கத்த மீறக்கூடாது. நீங்க கெளம்புங்க"ன்னேன்.

அவர் தோசைய வாயில வெச்சமேனிக்குப் பாத்தார். "நானுங்களா? எங்கீங் போறது?"

"லாரிப்பேட்டைலதான் தங்கற ரூம் இருக்குதே."

"நமக்கெல்லாம் எதுக்குங் அம்மிணி ஆடி? எனக்கு நாப்பத்தஞ்சு ஆகுது."

"ஆடிக்கு வயசு தெரியாது"ன்னேன்.

ஊர்ல எங்கியாச்சும் மாப்பிள்ளைய ஆடிக்கு அனுப்புன கதை உண்டா? ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. துணிய மடிச்சு வெச்சுட்டு, கேஸ் சிலிண்டரத் தூக்கிப் பாத்து, "இன்னும் பத்து நாளைக்கு வரும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த சந்தன சோப்பையும் எடுத்துட்டுத்தான் போனார்.

நிம்மதியா இருக்குது. ரொம்ப நிம்மதியா இருக்குது.

ஜூலை 18, வெள்ளி

போன் பண்ணார். எடுக்கல. ரெண்டாந்தடவ அடிக்கும்னு பாத்துட்டே இருந்தேன், அடிக்கல.

ஜூலை 20, ஞாயிறு

காலைல கடை தொறந்தா வாசல்ல மட்டையுரிச்ச தேங்கா ஒரு மூட்டை. சட்னிக்கு. ஆளக் காணோம். எதுத்தாப்ல டீக்கடைல கேட்டா, "உங்க வூட்டுக்காரர்தானுங்க, எறக்கி வெச்சுட்டு உங்க ஜன்னலயே பாத்துட்டு நின்னார், அப்பறம் போயிட்டார்"ங்கறாங்க.

தேங்கா ஒவ்வொண்ணும் நல்ல முத்தல். ஒண்ணு கூட அழுகல் இல்ல. பொறுக்கி எடுத்து வெச்சிருக்கார்.

இனித் தாங்க முடியாது. ஒண்ணுக்குப் போனாக் கண்ணுல தண்ணி வருது. சீக்கா இருந்தா சீக்கு, என்னன்னு தெரிஞ்சு தொலையட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

போயிட்டு வந்துட்டேன்! எல்லாத்தையும் எழுதறேன்.

டாக்டரம்மா பேரு யாஸ்மின். ஆத்துப்பாலத்துப் பக்கம் சின்ன கிளினிக். உள்ள போறப்பவே ஒரு கைல முறுக்கு, இன்னொரு கைல பேனா. "சொல்லுங்கம்மா, என்ன?"

"கால்ல அரிப்புங்க"ன்னேன். பழக்க தோஷம்.

நான் உக்காந்திருந்த தினுசப் பாத்தாங்க. நாற்காலி நுனில, ஒரு பக்கமா. "எந்தக் கால்ல? ரெண்டு காலுக்கும் நடுவுலயா?"ன்னாங்க. பொசுக்குனு சிரிச்சுட்டேன். சிரிச்ச கையோட அழுதுட்டேன். முறுக்க வெச்சுட்டு எந்திரிச்சு வந்து கதவச் சாத்துனாங்க.

படுக்க வெச்சுப் பாத்தாங்க. பஞ்சு சுத்துன குச்சில தொட்டு எடுத்து, பக்கத்து ரூமுக்கு மைக்ராஸ்கோப்புல பாக்க அனுப்புனாங்க. சர்க்கரை இருக்குதான்னு விரல்ல குத்திப் பாத்தாங்க, இல்ல. நாள் தள்ளிப் போயிருக்குதான்னு கேட்டாங்க, அதுவும் இல்ல. அப்பறம் ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. பல்லுக்குத் தின்ன மாத்திரை, நாள் முழுக்க ஈரச் சீலை, கடைக்காரர் குடுத்த ட்யூப். கிருமி மருந்துத் தண்ணிய உள்ள விட்டேன்னதும் பேனாவ டேபிள்ல போட்டுட்டாங்க.

"அது தரை கழுவறதுக்கும்மா! நீங்க என்ன தரையா?"

"கிரைண்டர் கழுவற நெனப்புல..."

"கிரைண்டர்தான் தானாக் கழுவிக்காது. இது தானாவே கழுவிக்கும். வெளிய வெறும் தண்ணி போதும், உள்ள ஒண்ணுமே விடக்கூடாது."

அதுக்குள்ள பக்கத்து ரூம்ல இருந்து சொல்லி அனுப்பிட்டாங்க. இதுக்குப் பேரு ஈஸ்ட் தொற்று. ஒரு வகைப் பூஞ்சை. அது கொஞ்சமா பல பொம்பளைங்க ஒடம்புலயும் சிவனேன்னு கெடக்குமாம். கூடவே நல்ல கிருமிங்க இருந்து, அந்த எடத்த லேசாப் புளிப்பா வெச்சிருக்கும். அதுங்க இருக்கற வரைக்கும் ஈஸ்ட் வாலாட்டாது. பல்லுக்குத் தின்ன மாத்திரை சீழ்க் கிருமியோட சேத்து அந்த நல்லதையும் கொன்னுருச்சு. காவல் போனதும் ஈரத்துலயும் கதகதப்புலயும் ஈஸ்ட் தாறுமாறாப் பெருகிருச்சு. மிச்சம் மீதி இருந்த நல்லதுகள நான் சுடுதண்ணி ஊத்திக் கொன்னிருக்கறேன்.

புளிப்புன்னா எனக்குப் புரியாதா? பழைய மாவுல ஒரு கரண்டி விட்டாத்தான் புது மாவு சரியா வரும். பாத்திரத்த வழிச்சு வழிச்சுக் கழுவிட்டுப் புளிக்கலையேன்னு உக்காந்திருந்தவ மாதிரி இருந்திருக்கறேன்.

அப்பறந்தான் நெஞ்சுல இருந்தத எடுத்து வெச்சேன். "டாக்டர், எங்க வூட்டுக்காரர் லாரி ஓட்டறார். அவர் மூலமா..."

"லாரி ஓட்டினா என்ன? ஏரோப்ளேன் ஓட்டறவர் பொண்டாட்டிக்கும் இது வரும். கல்யாணமே ஆகாத பொண்ணுங்களுக்கும் வரும். அவர் குடுத்தது இல்லம்மா இது. தப்பு வழியில வர்ற நோயும் இல்ல."

"நெசமாவா?"

"அவருக்கும் அரிப்பு, செவப்பு இருந்தா வரச் சொல்லுங்க, மருந்து தர்றேன். இல்லாட்டி ஒண்ணும் வேண்டாம். எங்க அவரு, வெளியவா நிக்கறாரு?"

"ஆடிக்கு அனுப்பி வெச்சிருக்கறேன்"னேன்.

டாக்டரம்மா மறுபடி எடுத்துக் கடிச்ச முறுக்கோட நிமுந்தாங்க. "அவரையா?"ன்னாங்க. அப்பறம் முறுக்கு புரையேறற வரைக்கும் சிரிச்சாங்க.

ராத்திரி படுக்கப் போறப்ப உள்ள வெச்சுக்கற மாத்திரை, வெளிய தடவ ஒரு களிம்பு. அரிப்பு நின்னுருச்சேன்னு பாதில நிறுத்தாம டப்பா முடியற வரைக்கும் வெக்கணும். அது வரைக்கும் ஒட்டுக்காப் படுக்க வேண்டாம். பருத்தி உள்ளாடை, காஞ்ச துணி. ஈரமானா ஒடனே மாத்தணும். சோப்பு, செண்டு எதுவும் அந்தப் பக்கமே போகக்கூடாது. "எல்லா அரிப்பும் இதுவேன்னு நெனச்சுக்காதீங்க. திரும்ப வந்தா நீங்களே கடைல மருந்து வாங்காம இங்க வாங்க"ன்னாங்க.

வெளிய வந்தா மழை விட்டிருந்துச்சு. பஸ்ஸுல சீட் இருந்தும் உக்கார முடியாம நின்னுட்டேதான் வந்தேன். ஆனா வழி முழுக்கச் சிரிச்சுட்டு வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரியாப் பாத்தார். பாக்கட்டும்.

அவர் குடுத்ததில்ல. அவர் குடுத்ததில்ல. இன்னொருக்கா எழுதணும் போல இருக்குது. அவர் குடுத்ததே இல்ல.

ஜூலை 24, வியாழன்

ராத்திரி முழிப்பே தட்டாமத் தூங்குனேன். அடேயப்பா, தூக்கம்னா இதுதானா!

கடைல நிக்கறப்ப முன்னாடி ரப்பர் துணி கட்டிக்கறேன். சீலை நனையறதில்ல. இத்தனை வருசமா இது ஏன் தோணல?

ஜூலை 25, வெள்ளி

அரிப்பு சுத்தமா இல்ல. டப்பால மாத்திரை இன்னும் மிச்சம் இருக்குது. நிறுத்திரலாமான்னு கை போச்சு. டாக்டரம்மா மொகம் ஞாபகம் வந்துச்சு, வெச்சுட்டேன்.

அவருக்குப் போன் பண்ணேன். "சொல்லுங்க அம்மிணி"ன்னார். வூட்டுக்கு வந்த ஒறம்பரைகிட்டப் பேசற மாதிரி மருவாதியா இருந்துச்சு. "சாப்டீங்களா?"ன்னேன். "ஆச்சுங்க." "என்ன சாப்டீங்க?" "பரோட்டாங்க." அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியாம மாவு வெலை ஏறிருச்சுன்னு சொன்னேன். மாவு விக்கறவளே நாந்தான்.

போன்ல இதச் சொல்ல முடியாது. சந்தேகப்பட்டதச் சொல்லாமயும் விட்டுரலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகுது? ஆனா நெஞ்சுல முள்ளோட எத்தனை நாள் இட்லி ஊத்தறது?

ஜூலை 27, ஞாயிறு

இட்லி அவிச்சேன். வெயில் அடிச்சதால மாவு நேத்துப் பொங்கி மூடியவே தள்ளிருச்சு. அவர் வெச்சுட்டுப் போன தேங்கால கெட்டிச் சட்னி. தூக்குவாளில போட்டு எடுத்துட்டு லாரிப்பேட்டைக்குப் போனேன்.

அங்க ஒரு டிரைவர் என்னப் பாத்ததும், "திருமூர்த்தி சம்சாரமுங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க வூட்டுக்காரர் குளிச்சுக் குளிச்சே பேட்டைத் தொட்டியக் காலி பண்ணிட்டாருங்க"ன்னார்.

போய்ப் பாத்தா, தொட்டியோரத்துல ஒடம்பெல்லாம் நொரையா நிக்கறார். கைல சந்தன சோப்பு. நாரு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு முழங்கையெல்லாம் ரத்தமாச் செவந்திருக்குது.

"என்னங்க பண்றீங்க?"

திடுக்குனு திரும்பி, துண்ட எடுத்துப் போத்திட்டார். "காலைல டீசல் புடிச்சனுங்க. இன்னும் வாசம் போகலீங். இந்த சோப்பு கூட அவ்வளவாக் கேக்க மாட்டேங்குது, வேற மாத்தோணும்"ன்னார். அப்பறம் மொகத்தக் கீழ போட்டுட்டு, "லாரிய வித்துப்போட்டு ஏதாச்சும் கடை வெக்கலாமான்னு பாத்துட்டு இருக்கறனுங்க. அந்த வாசத்தோட உங்ககூட இருக்க முடியாதுல்லீங்"ன்னார்.

அந்த செண்டு! அந்தப் பவுடர்! மீசை எண்ணெய்! வாய்க்கு வந்ததுன்னு நான் சொன்ன ஒத்தச் சொல்லுக்கு இந்த மனுஷன் தோல உரிச்சுட்டு நிக்கறார். நான் அங்க சுடுதண்ணி ஊத்தி என்னத் தேய்ச்சுட்டு இருந்தப்ப, இவர் இங்க தேய்ச்சுட்டு இருந்திருக்கார்.

லாரிப் படில உக்கார வெச்சுச் சொன்னேன். எனக்குக் கீழ அரிப்பு வந்தது, கால்னு சொன்னது, படை மருந்து, கிருமி மருந்து, ஈஸ்ட், டாக்டரம்மா முறுக்கு வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன். மொதல்ல புரியாமப் பாத்தார். அப்பறம், "இத்தனை நாளா ஒத்தையிலயா அனுபவிச்சீங்க?"ன்னார். அத மட்டுந்தான் கேட்டார்.

மிச்சத்தையும் சொன்னேன். "நீங்க எங்கியோ போயிட்டு வந்து குடுத்த சீக்குன்னு நெனச்சேன். லாரிக்காரர்னா அப்படித்தான்னு நெனச்சுட்டேன். ஆடின்னு சொன்னதெல்லாம் சும்மா."

எதுத்தாப்ல நின்ன லாரிச் சக்கரத்தையே பாத்துட்டு இருந்தார். "அது வலிக்குதுங் அம்மிணி"ன்னார்.

"தெரியுங்க."

"மொதல்லயே கேட்டிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பனே."

அங்கயே, அத்தனை லாரிக்கு நடுவுல, மூக்கச் சிந்திச் சிந்தி அழுதேன். அவர் தூக்குவாளியத் தொறந்தார். ஒரு இட்லியப் பிட்டு சட்னில தொட்டு வாயில போட்டவர், "பஞ்சாட்ட இருக்குதுங்க"ன்னார். ரெண்டாவது துண்ட என்ற வாயில வெச்சார்.

"லாரிய விக்கக்கூடாது"ன்னேன்.

"வாசம்?"

"எனக்கு அந்த வாசம் புடிக்கும்"னேன். காதெல்லாம் சுட்டுச்சு. கல்யாணத்தன்னிக்கே புடிச்சுது. இத இங்கயும் எழுதி வெக்கறேன். புடிக்கும். அந்த ஆளையும் ரொம்பப் புடிக்கும்.

ஜூலை 30, புதன்

டப்பா முடிஞ்சுது. டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு வந்தேன், எல்லாம் சரியாயிருச்சு. அவருக்கு ஒண்ணுமில்ல, முழங்கைக்கு மட்டும் தேங்கா எண்ணெய்.

போறப்ப சுந்தராக்காவையும் இழுத்துட்டுப் போனேன். "எனக்கெதுக்கு கண்ணு"ன்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் சண்டை. எட்டு வருசமா வந்து வந்து போகுதாம். எட்டு வருசமா வெந்தயம்! விரல்ல குத்திப் பாத்தா அவங்களுக்குச் சர்க்கரை இருக்குது. அதுதான் திரும்பத் திரும்பக் கொண்டாருதாம். ரெண்டுக்கும் மருந்து ஆரம்பிச்சாச்சு. வெளிய வந்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல, சூடுன்னு?"ங்கறாங்க. வாய் மட்டும் கொறையல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

பேரூர்ல ஆத்துல தண்ணி போகுது. கூட்டமான கூட்டம். ஆத்துக்கு மஞ்ச குங்குமம் போட்டுக் கும்பிட்டோம், தாலிக்கயிறு மாத்திக்கிட்டேன். தேங்கா சோறு, எலுமிச்ச சோறு, புளி சோறு. அத்தனை சீலையும் காஞ்ச சீலை!

சுந்தராக்கா என்னத் தனியாக் கூப்பிட்டு, "கண்ணு, ஆடி இன்னும் முடியலை. அவரு பைய எடுத்துட்டு வூட்டுக்கே வந்துட்டாராமே? இப்ப சேந்தா சித்திரைல புள்ள பொறக்கும். வெயில்ல புள்ளைக்கும் ஆகாது, தாய்க்கும் ஆகாது"ன்னாங்க. தனியான்னுதான் பேரு, ஆத்துக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் எலுமிச்ச சோத்த மென்னுட்டே, "பொறக்கட்டுங்க்கா, ஒரு ஏசி வாங்கிப் போட்டறலாம்"ன்னார். சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் வாயப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. எனக்கு மொகத்த எங்க வெக்கறதுன்னு தெரியல.

மத்தியானமே அவருக்குப் பொள்ளாச்சில லோடு ஏத்தற வேலை இருந்துச்சு. முடிச்சுட்டு வெளக்கு வெக்கற நேரத்துக்கு வந்துட்டார். சட்டையெல்லாம் டீசலும் தேங்கா மட்டைத் தூசியுமா, துண்டத் தோள்ல போட்டுட்டுக் குளிக்கக் கெளம்புனார்.

"இருங்க, அப்பறமாக் குளிச்சுக்கலாம்"ன்னு துண்டப் புடிச்சு இழுத்தேன்.